மிதித்த விலா

கால் முன்னால் வரப் பிறந்தவன் நான். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் வாய்வுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, போர்வெல் லாரியில் நாலு மாநிலம் சுற்றியவனுக்கு ஊரில் இருந்த ஒரே மரியாதை அதுதான்.

போன கார்த்திகையில் ஆலங்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அண்ணன் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சை இழுத்தால் குத்தியது. ஒரு வாரமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல்.

"பிடிப்புதான்டா. மிதிச்சு விடு."

"ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னா, தம்பி வரட்டும்னு குந்திக்கிட்டு இருக்காரு," என்றார் மதினி. "காலைக் கழுவிட்டு மிதிங்க தம்பி. ஊரு சேறெல்லாம் அதுலதான் இருக்கு."

பாயில் குப்புறப் படுத்தவரின் விலாவை மூன்று முறை மிதித்தேன். விட்ட மாதிரி இருக்கிறது என்றார். ஒன்பது நாள் காலையும் மாலையும் மிதித்தேன். உள்ளங்காலில் அந்த இடம் சுட்டது. மதினி தேய்த்துவிட்ட தைலத்தின் சூடு என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் அவரால் படுக்க முடியவில்லை. புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. விலாவில் மரப்பு ஊசி போட்டுக் குழாயைச் சொருகி, அதன் மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டார்கள். மோர் மாதிரி இறங்கியது.

"இத்தனை நாளா என்ன பண்ணீங்க?" டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அண்ணன், "நாந்தாம்மா அசட்டையா இருந்துட்டேன். வயல்ல கடலை விதைக்கிற வேலை," என்றார்.

அவர் மூச்சு விடும்போதெல்லாம் குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் சீழ் தடித்து நின்றுவிட்டது. தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கு முன் ரத்தத்தில் ஏறிய கிருமி குறைய வேண்டும் என்றார்கள். குறையவில்லை. ஏழாம் நாள் காலையில் குழாய்த் தண்ணீர் அசையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன்.

கருமாதி முடிந்த மறுவாரம் கீரமங்கலத்திலிருந்து பெரியப்பா முறையில் ஒருவர் வந்தார்.

"விலாவுல பிடிச்சுக்கிருச்சுப்பா. லேசா மிதிச்சு விடு."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மதினியின் கை நின்றது.

"காய்ச்சல் இருக்கா?" என்றேன்.

"லேசா."

செருப்பைப் போட்டுக்கொண்டேன். "வாங்க பெரியப்பா, படம் எடுத்துட்டு வருவோம்."

பஸ்ஸில் அவருக்கு மனத்தாங்கல். "ஊரு ஊரா சுத்துனதுல ஒனக்கு வித்தை மறந்துபோச்சு. ஆஸ்பத்திரியில பாத்தப்பகூட ஒங்கண்ணன் சொன்னான், தம்பி மிதிச்ச அன்னைக்குத்தான் கொஞ்சம் தூங்குனேன்னு."