காத்திருந்தா காயும்

எத்தனை நாள் பொறுத்தால் அது பொறுமை? எந்த நாளிலிருந்து அது அலட்சியம்?

என் மகளுக்கு இரண்டு வயது முடிந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னோடு விழிக்கிறது, என்னோடு பஸ் ஏறி வேலைக்கு வருகிறது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் ஓடுகிறாள், சிரிக்கிறாள், செருப்பை எடுத்து வா என்றால் சரியான ஜோடியை எடுத்து வருகிறாள். பேசுவதில்லை. அம்மா என்றுகூட இல்லை. உதட்டை மூடிக்கொண்டு 'ம்' என்று நீளமாக ஓர் ஓசை, அவ்வளவுதான். அந்த 'ம்' என்னைத்தான் கூப்பிடுகிறது என்று சில நாள் தோன்றும். வெறும் முனகல் என்று சில நாள் தோன்றும்.

சங்ககிரிப் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வார்ப்படம் என்றதும் எல்லோரும் புகையையும் கரியையும் நினைத்துக்கொள்கிறார்கள். நான் இருக்கும் அறையில் இரண்டும் கிடையாது. அது மெழுகு அறை. கோடையிலும் குளிர்ந்திருக்கும். ஜன்னல் இல்லாததால் வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. மேசைகளின் மேல் பச்சை மெழுகில் செய்த பம்புச் சக்கரங்களும் வால்வுகளும் வரிசையாக இருக்கும். டியூப் லைட் வெளிச்சத்தில் அவை தண்ணீருக்கு அடியில் கிடப்பவை போலத் தெரியும். அங்கே உட்கார்ந்தால் எனக்குக் கொஞ்ச நேரத்தில் கனவுக்குள் நடப்பது போலாகிவிடும்.

இந்த வேலையின் முறையைச் சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் நம்புவதில்லை. எஃகில் ஒரு சக்கரம் வேண்டும் என்றால் முதலில் அதை மெழுகில் செய்ய வேண்டும். மெழுகுச் சக்கரங்களை ஒரு மெழுகுத் தண்டில் சுற்றிலும் ஒட்டினால் அதற்கு மரம் என்று பெயர். ஒட்டுவதும், ஒட்டுமுன் பழுது பார்ப்பதும் என் வேலை. மரத்தைத் தோசை மாவு போன்ற ஒரு கலவையில் முக்கி, மேலே நுண்மணலைத் தூவிக் காயவைப்பார்கள். காய்ந்ததும் மறுபடி முக்கி, மறுபடி தூவி, மறுபடி காயவைப்பார்கள். இப்படிப் பல பூச்சுகள் ஏறி மரத்தைச் சுற்றிக் கெட்டியான ஓர் ஓடு உண்டாகும். பிறகு அந்த ஓட்டை நீராவிக் கலனுக்குள் வைத்தால் உள்ளிருக்கும் மெழுகெல்லாம் உருகி வெளியே ஓடிவிடும். வெற்று ஓட்டைச் சூளையில் சுட்டு, அதற்குள் உருகிய எஃகை ஊற்றுவார்கள். ஆறியதும் ஓட்டை உடைத்தால் சக்கரம்.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது நடுவில் வரும் அந்தக் கணம். மெழுகு போய்விட்டது, எஃகு இன்னும் வரவில்லை. ஓட்டுக்குள் எதுவுமே இல்லை. ஆனால் சக்கரத்தின் ஒவ்வொரு இதழும், நான் ஒட்டிய ஒவ்வொரு வளைவும், அந்த இல்லாமையின் வடிவமாக அங்கே இருக்கிறது. மெழுகில் என் கட்டைவிரல் ரேகை பட்டிருந்தால் அந்த ரேகைகூட இருக்கும். என் மகளின் சொற்களும் அப்படித்தான், எல்லாம் உள்ளே வடிவாகிவிட்டன, ஊற்றத்தான் யாரோ வர வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த நிமிடமே, இது ஒரு தாய் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் அழகான சமாதானமோ என்று பயம் வரும். ஏழு மாதம்வரை வயிற்றில் அவளோடு இந்த அமைதியான அறையில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தேனே, அதனால்தானோ என்றும் வரும்.

வீடு இதற்கு நேர் எதிர். குமாரபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. என் கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். நான் வேலைக்குப் போகும் பகல் முழுவதும் மகள் அவரோடுதான் இருக்கிறாள். தறி ஓடும் இடத்தில் வாயால் பேசிப் பயனில்லை. அதனால் தறிக்காரர்கள் கையால் பேசுவார்கள். கட்டைவிரலை உதட்டருகே சாய்த்தால் டீ. இரண்டு விரலைச் சேர்த்துப் பட்டென்று பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. உள்ளங்கையைக் காட்டினால் தறியை நிறுத்து. என் மகள் தண்ணீர் கேட்பதும் கட்டைவிரலைச் சாய்த்துத்தான். ஒருநாள் நான் அவளுக்குக் கதை சொல்லிக்கொண்டே இருந்தபோது, உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே காட்டினாள். சிரித்துவிட்டேன். பிறகு சமையலறையில் போய் அழுதேன்.

"அவளுக்கு என்ன தெரியாதுங்கற? நூல் அறுந்தா எனக்கு முன்னாடி அவ காட்டறா" என்றார் கணவர்.

"காட்டறா மாமா. சொல்லலியே."

"நானே நாலு வயசுலதான் பேசுனேன்னு எங்கம்மா சொல்லும்."

"இப்ப மட்டும் என்னத்த பேசிக் கிழிக்கறீங்க?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப என்ற புள்ளதான். வெசனப்படாத, தானா வரும்."

தானாக வரும் என்று அவர் சொல்லும்போதெல்லாம் அரைநாள் நிம்மதியாக இருக்கும். மீதி அரைநாள் ஏதாவது செய்யத் தோன்றும். சேலம் செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடையில் வசம்பு வாங்கிவந்து, சுட்டு உரைத்து, அவள் நாக்கில் தடவினேன். தடவலாமா என்று பிறகு போனில் தேடினேன். படித்ததில் பயந்துபோய், ஈரத்துணியால் நாக்கைத் துடைத்துவிட்டேன். அவள் துணியைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

இந்த நிலையில்தான் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தொழிற்சாலையில் கலவையில் முக்கியெடுத்த மரங்களைக் காயவைக்கும் அறையில் பெரிய விசிறிகள் சுழன்றுகொண்டே இருக்கும். அந்த வாரம் அவற்றின் மோட்டார் பழுதாகி நின்றுவிட்டது. மரங்கள் கொக்கிகளில் தொங்கின. வெள்ளைப் பூச்சோடு, அசையாமல், பனிக்குள் நிற்கும் தோப்பு மாதிரி. எங்கள் சூப்பர்வைசர் வேலைக்குப் புதிது, எங்களைவிட வயதில் சின்னவர். மறுநாள் மெழுகை உருக்கலாமா, இன்னும் காய வேண்டுமா என்று அவருக்குச் சந்தேகம். பூச்சுப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, அண்ணன் பேரனின் காதுகுத்துக்கு ராசிபுரம் போயிருந்தார். சூப்பர்வைசர் அவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, விசிறி நின்றுபோனதைச் சொல்லிக் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மறுமுனையில் மேளச்சத்தம். அதற்கு மேல் அக்காவின் குரல்: "காத்திருந்தா காயுமுங்க சார்! நாளைக்குப் போட்டுக்கலாம்!"

நாங்கள் காத்திருந்தோம். மறுநாள் மதியம் மரங்களை நீராவிக் கலனுக்குள் வைத்தார்கள். கதவைத் திறந்தபோது ஓடுகள் வெடித்திருந்தன. வெள்ளை ஓட்டின் விரிசல்களில் பச்சை மெழுகு நரம்பு நரம்பாக வழிந்து உறைந்திருந்தது. ஓடு உள்ளே காயவே இல்லை. ஈர ஓடு, விரியும் மெழுகைத் தாங்காது.

அதற்கடுத்த நாள் அக்கா நெற்றி நிறையச் சந்தனத்தோடு வந்து சேர்ந்தார். காதுகுத்துப் பலகாரத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டே, "ஃபேனைச் சரி பண்ணீட்டீங்கல்ல?" என்று கேட்டார்.

"ஃபேனா? நீங்கதானக்கா காத்திருந்தா போதும்னீங்க" என்றார் சூப்பர்வைசர்.

அக்கா ஒரு கணம் விழித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "அடச் சாமி! காத்து இருந்தா காயும்னேனுங்க! காத்து! ஃபேன் காத்து! சும்மா கைய கட்டிக்கிட்டு காத்திருந்தா எதுங்க காயும்?"

"காத்துன்னா காத்துன்னு நிறுத்திச் சொல்லோணும். மூச்சே உடாம சொன்னா?"

"காதுகுத்துல நின்னுக்கிட்டு நான் காத்தைப் பத்திச் சொன்னதே பெருசு. மேளக்காரன் என்ற காதுக்குள்ள கொட்டறான். உங்களுக்குத்தான் காது குத்தோணும் சார், நல்லா பெருசா!"

எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்தார். தப்பு யார் மேல் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்று முழுவதும் யார் எதற்குத் தாமதித்தாலும், "காத்திருக்கீங்களா, காத்து இருக்குதுங்களா?" என்று கேலி. நானும் சிரித்தேன். ஆனால் என் கையிலிருந்த சூட்டுக்கத்தி மெழுகில் கோணலாக இறங்கியது. அந்த வாக்கியத்தை நானும் கேட்டேன். காற்று என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. காத்திரு என்று யாரோ சொல்ல வேண்டும் என்று பல மாதங்களாகத் தவித்துக்கொண்டிருந்த காது, அதைத்தானே கேட்கும்?

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மழைக் கண்ணாடியில் சாய்ந்தபடி அரைத்தூக்கத்தில் இருந்தேன். காய்கிற மரங்களுக்கு நடுவே என் மகள் நடந்துபோகிறாள். ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்து 'ம்' என்கிறாள். எங்கும் காற்றே இல்லை. அவ்வளவுதான் கனவு. இறங்கியதும் நேராகப் பட்டறைக்குள் போய், கணவர் முன்னால் உள்ளங்கையைக் காட்டினேன். அவர் தறியை நிறுத்தினார்.

"நாளைக்குச் சேலம் போகோணும் மாமா. பாப்பாவுக்குக் காது பார்க்கோணும்."

ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நானும் வாரேன்" என்றார்.

சேலத்தில் காதுப் பரிசோதனை செய்தார்கள். காது நன்றாக இருக்கிறது என்றதும் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் தரையில் உட்கார்ந்து மகளோடு வெகுநேரம் விளையாடினார். அவளுக்கு நாம் சொல்வதெல்லாம் புரிகிறது என்றார். ஏன் பேசவில்லை என்பதற்கு அவரும் ஒரே காரணமாகச் சொல்லவில்லை. தறிச் சத்தமும் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வாரம் ஒருமுறை பயிற்சிக்கு அழைத்துவரச் சொன்னார். பகலில் தறியை விட்டுத் தள்ளி, பேச்சு கேட்கும் இடத்தில் அவள் இருக்க வேண்டும் என்றார். மற்ற குழந்தைகளோடு சேர்த்துவிட்டால் நல்லது என்றார்.

வாரப் பயிற்சியைத் தொடங்கிவிட்டோம். அதில் எனக்குக் குழப்பம் இல்லை. குழப்பம் பகல் பொழுதில்தான்.

எங்கள் தெருக்கோடியில் அங்கன்வாடி இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் கூட்டி வாருங்கள் என்கிறார் டீச்சர். ஆனால் கணவருக்கு ஒரே பயம். "மத்த புள்ளைக அவள ஊமைன்னு கூப்புடும். அவளுக்குத்தான் எல்லாம் புரியுதுன்னு சொல்லீட்டாங்களே. அதுவும் புரியுமில்ல?" என்கிறார். நான் வேலையை விட்டுவிட்டு, தறிச் சத்தம் கேட்காத ஓர் இடத்தில் அவளோடு பகலெல்லாம் பேசிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒருத்தி மட்டும் பேசிக்கொண்டே இருந்தால் குழந்தைக்குப் பேசவேண்டிய தேவை எங்கிருந்து வரும் என்றும் யோசிக்கிறேன். மெழுகு அறையில் ஒரு சக்கரத்தைக் கையில் எடுத்தால் சரியா பழுதா என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன். இதில் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இரண்டும் தெரிகிறது.

தாமதமாகப் பேசிய பிள்ளையை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். பேச்சு வருவதற்கு முன்பே மற்ற குழந்தைகளோடு விட்டீர்களா, இல்லை வீட்டிலேயே வைத்துக்கொண்டீர்களா? கேலி செய்தார்களா? செய்திருந்தால், அன்று மாலை பிள்ளையிடம் என்ன பேசினீர்கள்?