ஒரே பனி

எங்கள் வீட்டில் காய்ச்சல் என்ற சொல் எப்போது காணாமல் போனது என்று தெரியவில்லை. எல்லை தாண்டி மலையாளப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் முதலமடையில் ஆஸ்பத்திரிச் சீட்டு, டிவி செய்தி, வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்கள் எல்லாமே மலையாளம். மலையாளத்தில் காய்ச்சல்தான் பனி. டெங்கிப்பனி, எலிப்பனி என்று கேட்டுக் கேட்டு, தமிழ் பேசும் நாங்களும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பனி என்றே சொல்லப் பழகிவிட்டோம். போன மழைக்காலத்தில் மகளுக்கு டெங்கிப்பனி வந்து, பிழைப்பாளா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடந்தபின், அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த வராந்தாதான் நினைவுக்கு வரும்.

அவள் மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ். தேறி எழுந்ததும் விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தாள். சோற்றைக் குறைத்தாள், சர்க்கரையை விட்டாள். எங்களையும் விடவில்லை. பிரசர் மாத்திரை போட்டாயிற்றா, நடந்தாயிற்றா என்று அப்பாவிடம் தினமும் போனில் கேட்பாள். மாங்காய் வியாபாரத்தில் பைக்கை விட்டு இறங்காத மனிதர், "ஆச்சு சாமி, நடந்துட்டேதான் இருக்கறேன்" என்பார், பைக்கை உதைத்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரும். என் கவலையெல்லாம் மெலிந்துகொண்டே போகும் அவளைப் பற்றித்தான்.

தோப்பில் மா பூத்திருந்த ஒரு காலை. மகளைக் கூப்பிட்டேன். போனை எடுத்தது அவளோடு தங்கியிருக்கும் பெண். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள்.

"போன வச்சிட்டுப் போயிட்டா ஆன்ட்டி. மூணு நாளா ஒரே பனி, விடவே மாட்டேங்குது. சொன்னாக் கேக்காம நடக்கப் போயிருக்கா."

அதற்கு மேல் கேட்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை.

மூன்று நாளாக விடாத பனி. அதோடு நடக்கப் போயிருக்கிறாள். வழியில் எங்கே விழுந்து கிடக்கிறாளோ? என் முகத்தைப் பார்த்ததுமே அவள் அப்பா கார் சாவியை எடுத்தார். இட்லி தட்டில் அப்படியே இருந்தது. உடுமலை தாண்டி மலைப்பாதையில் ஏறினோம். சின்னாறு காட்டுக்குள் சிக்னல் கிடையாது. கையிலிருந்த போனை வெறித்துக்கொண்டே இருந்தேன். வேகமாகப் போங்கள் என்று எத்தனை முறை சொன்னேனோ. அவர் முகத்தைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். அதை நான் பொருட்படுத்தவில்லை.

தோட்டத்துக் குடியிருப்புக்குக் கீழே காரை நிறுத்தினோம். மேலே போகப் படிகள்தான். அக்கம்பக்கத்து வீடுகளே தெரியாதபடி வெள்ளையாக மூடியிருந்தது. நான் ஓடி ஏறினேன். ஈரத் தலையோடு மகள் வாசலில் நின்றிருந்தாள்.

"ஏனுங்கம்மா, சொல்லாம கொள்ளாம?"

நெற்றியில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. கழுத்திலும் வைத்துப் பார்த்தேன். பனி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதும் பின்னாலிருந்த, போனில் பேசிய பெண்ணுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நா பனின்னு பனியத்தான ஆன்ட்டி சொன்னேன். இந்தா, வாசலெல்லாம் நிக்குதுல்ல. காய்ச்சல்னாக் காய்ச்சல்னு சொல்ல மாட்டேனா?"

மூவரும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே, "அப்பா எங்கே?" என்றாள் மகள்.

பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கை நெஞ்சில். மகள் பிரசர் கருவியோடு இறங்கினாள். அளந்தவள் மறுபடியும் ஒருமுறை அளந்தாள்.

"மாத்திரை எப்பப்பா போட்டீங்க?"

"காலைல அவசரத்துல மறந்துட்டேன் சாமி."

"அதுக்கு முன்னாடி?"

அவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் பனி மூடியிருந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து ஊசி போட்டார்கள். இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்தத் தடவை தப்பித்தார் என்றார் டாக்டர். அந்த 'இந்தத் தடவை' இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது அவரும் நானும் தினமும் தோப்பில் நடக்கிறோம். மாத்திரையை என் கண்முன்னால் விழுங்கியபிறகுதான் புறப்பாடு. கூட வாயேன் என்பார். நான் பின்னால்தான் நடப்பேன். அங்கிருந்தால்தான் அவர் முதுகைப் பார்க்க முடியும். சட்டை நனைகிறதா, தோள் சரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போவேன். இன்று காலை, உதிர்ந்த பிஞ்சு ஒன்றை எடுக்கச் சட்டென்று குனிந்தார். அவர் நிமிரும்வரை நான் மூச்சு விடவில்லை.