ஒன்பதாவது ஆள்

என் மாமனார் அந்நிய பாஷை பேசத் தொடங்கியபோது அவருக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது. எங்கள் திலக் நகர் வீட்டில் ஞாயிறு சாயங்கால ஜெபக்கூட்டம். எழுப்பி உட்காரவைக்கவே இரண்டு ஆள் வேண்டும் அவருக்கு. அன்று கண்ணை மூடிக்கொண்டு, கணீரென்று, "இச்சி, நீ, சான், ஷி, கோ" என்று தொடங்கி எட்டுச் சொற்கள் சொன்னார். ஒன்பதாவதை மட்டும் ஒரு சின்னப் பையனின் குரலில் சொன்னார். "கூ."

பாஸ்டர் "அல்லேலூயா!" என்று கையை உயர்த்தினார். ஆவியானவர் இறங்கிய செய்தி தாராவி வரை போனது. அடுத்த வாரம் வாசலில் செருப்புவிட இடமில்லை.

மூன்றாம் வாரம் எனக்குப் பொறி தட்டியது. தொப்பையைக் குறைக்க மாட்டுங்காவில் ஒன்பது நாள் கராத்தே கற்ற மகான் நான். பத்தாம் நாள் முழங்கால் ராஜினாமா செய்துவிட்டது. குத்துக்கு ஒன்றாக நாங்கள் கத்தியது இதைத்தான். ஜப்பான்காரனின் ஒன்று, இரண்டு, மூன்று!

பாஸ்டர் காதில் மெதுவாகப் போட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? மாமா எட்டைச் சொல்லி மூச்சு வாங்கிய இடைவெளியில், பின்னாலிருந்து "கூ!" என்று கத்தினேன்.

மாமா எழுந்து நின்றார். யாரும் பிடிக்கவில்லை. கைகளைத் தொடையோடு ஒட்டி, பீரோவைப் பார்த்து இடுப்பு மடிய வணங்கினார்.

கூட்டம் கலைந்ததும் பேசினார். அவர் மலேயா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் என்று தெரியும். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் சயாம் காட்டுக்குத் தண்டவாளம் போடப் பிடித்துப்போனதை அவர் சொன்னதே இல்லை.

"தெனமும் காலைல வரிசையா நின்னு ஆளுக்கொரு நம்பர் சொல்லி, குனிஞ்சு கும்பிடணும். எட்டு நான். ஒம்பது தம்பி. ஒருநா காலைல அவன் குளுந்து கெடந்தான். ஆள் கொறஞ்சா வரிசைக்கே அடி. கக்கத்துல கையக் குடுத்து நிப்பாட்டிக்கிட்டேன். அவன் நம்பரையும் நாந்தான் சொன்னேன். இன்னைக்கு அவனே சொல்லிட்டாம்லா."

"அப்பா, கத்தினது உங்க மருமவன். இவங்களுக்கு வேற சோலி இல்ல," என்றாள் என் மனைவி.

மாமா காதில் வாங்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து நின்று எட்டு வரை எண்ணுவார். ஒன்பதுக்குக் காத்திருப்பார். அது வராமல் உட்கார மாட்டார். ஆபீஸ் விட்டு வரும் வழியில் எனக்குப் போன் வரும். "ஏங்க, அப்பா நிக்காவ. சீக்கிரம் சொல்லுங்க." குர்லா பிளாட்பாரக் கூட்டத்தில் நின்று "கூ!" என்பேன். ரயில் விளையாட்டு விளையாடும் தொப்பைக்காரனைப் பார்த்து ஒருத்தன், "அங்கிள், சிக்னல் மிலா க்யா?" என்று சிக்னல் கிடைத்ததா என விசாரித்தான்.

ஒரு மழை நாளில் வண்டி பாதியில் நின்றுவிட்டது. போனில் சார்ஜ் இல்லை. வீடு சேர ஏழரை. மனைவி அழுதுகொண்டிருந்தாள். அவளும் "கூ" சொல்லிப் பார்த்திருக்கிறாள். பலிக்கவில்லை. மாமா கால் நடுங்க நின்றிருந்தார். இடது கை விலகி, மடங்கி, எதையோ தாங்கியிருந்தது. வெறும் காற்றைப் பிடித்த கை அப்படிக் கனத்துத் தொங்காது.

நனைந்த சட்டையோடு அந்தக் கைக்குள் போய் நின்று, "கூ" என்றேன்.

மாமா திரும்பாமல், யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னார்: "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாப்ளே. அவன் நிக்காம்லா."

தள்ளி நின்றேன். சற்று நேரம் கழித்து, நம்பரைக் கேட்டுக்கொண்டவர்போல மாமா தலையை ஆட்டினார். பக்கத்து ஆளைப் பதமாகக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, பிறகுதான் தான் உட்கார்ந்தார். மெத்தை அந்தப் பக்கமும் அமுங்கியதா என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். கராத்தே வீரன் அப்போது கண்ணை இறுக மூடியிருந்தான்.