எண் இல்லாத கொண்டைக்கடலை

ஏவால்ட் டீடெமன் முப்பத்து நான்கு வருஷம் நாலாம் நம்பர் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் தடம் மாறவில்லை. ஞாயிறு பன்னிரண்டரை மணி, கிரேக்கர் சாப்பாட்டுக் கடை, ஜன்னலோர மேசை, இருபத்தேழு. இருபத்தேழு என்றால் சுட்ட இறைச்சி, வறுத்த உருளைக்கிழங்கு, மேலே பச்சை வெங்காயம். அந்த ஜெர்மன் ஊரில் கிரேக்கர் கடையில் சாப்பாட்டைப் பெயர் சொல்லிக் கேட்டவர் எவரும் கிடையாது. எல்லாருக்கும் பட்டியலில் உள்ள எண்தான். பெயர் சொல்லப் போய் நாக்கு சுளுக்கிக்கொண்டால் யார் பார்ப்பது!

ஏவால்ட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்கார அம்மா ஸ்தமாத்தியாவின் புருஷன் லெஃப்தெரிஸ் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். அந்த அம்மா மேல் ஏவால்டுக்குப் பிரியம் வந்து இரண்டு வருஷம். சொன்னாரா? எங்கே! "இருபத்தேழு" என்பார், "நல்லாருந்துச்சு" என்பார், கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

லெஃப்தெரிஸ் இருந்தவரை கடையில் இறைச்சிதான் ராஜா. இந்த மாதம் ஸ்தமாத்தியா துணிந்து தன் தீவுச் சாப்பாடு ஒன்றைப் பலகையில் எழுதிவைத்தார். ரெவித்தாதா. கொண்டைக்கடலை, வெங்காயம், ஆலிவ் எண்ணெய். மண்பானையில் போட்டு ராத்திரி முழுக்க அடுப்பில் வேக வேண்டும். எழுதியவர் எண் போட மறந்துவிட்டார். அவ்வளவுதான், மூன்று ஞாயிறு ஓடியும் ஒருத்தர் கேட்கவில்லை. பலகையைப் படித்தார்கள், கடையில் சும்மா தரும் சோம்புச் சாராயமான ஊஸோவை ஒரே மடக்காகக் குடித்தார்கள், பழைய எண்ணையே சொன்னார்கள்.

நாலாம் ஞாயிறு ஏவால்டுக்கு ஊஸோ ஊற்றும்போது ஸ்தமாத்தியா சொன்னார்: "இன்னிக்கும் பானை அப்படியே திரும்பினா பலகையை அழிச்சிடுவேன். எங்கம்மா சமையல் இந்த ஊருக்கு வேணாம் போல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் முகத்தில் ஏவால்ட் பார்த்திருக்கும் சிரிப்பு அது.

"இருபத்தேழுதானே?" ஸ்தமாத்தியா எழுதவே ஆரம்பித்துவிட்டார்.

"இல்லீங்க. அந்த... ரெ... ரெவி..." ஏவால்டின் காது சிவந்துவிட்டது.

பக்கத்து மேசையில் தேவாலயப் பாட்டுக்குழு ஹெட்விக் அம்மா. சும்மா இருப்பாரா? "என்ன ஏவால்ட், உடம்பு கிடம்பு சரியில்லையா? அதுல கறியே கிடையாதுப்பா!"

"தெரியும் ஹெட்விக். நீங்க பாடுறப்ப நான் ஏதாவது கேட்டேனா?"

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் அவர் ஒருவழியாகச் சொல்லி முடித்தார். "ரெவித்தாதா. ஒண்ணு."

ஸ்தமாத்தியாவின் பென்சில் நின்றது. திரும்பி உள்ளே போனார்.

கிண்ணம் வந்தது. கடையில் உட்கார்ந்து யாரும் பார்த்திராத ஸ்தமாத்தியா, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏவால்ட் ரொட்டியால் அடி வரை துடைத்துச் சாப்பிடும்வரை பொறுத்திருந்தார்.

"பொய் சொல்லக் கூடாது. எப்படி இருக்கு?"

"முதல் கரண்டியில கறி எங்கேன்னு தேடினேன். அப்புறம் தேடலை."

ஸ்தமாத்தியா சிரித்தார், கண்ணைச் சமையல் ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். விட்டால் இனி வாய் வராது என்று ஏவால்டுக்குத் தெரிந்துபோயிற்று.

"ஸ்தமாத்தியா, நான் இங்க வர்றது இருபத்தேழுக்காக இல்ல."

அந்த அம்மா அவரையே பார்த்தார். பிறகு, "ஆறிடப் போகுது, சாப்பிடுங்க" என்று எழுந்து போனார். கிண்ணமோ எப்போதோ காலி.

"எனக்கும் அதுல ஒண்ணு!" என்று கத்தினார் ஹெட்விக்.

அந்த வாரம் முழுக்க ஏவால்டுக்குத் தூக்கமில்லை. உளறிவிட்டோமோ? அடுத்த ஞாயிறு தலை குனிந்தபடி போய் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தார். இருபத்தேழுக்குக் கீழே ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. ஸ்தமாத்தியாவின் கையெழுத்து: 27அ. ரெவித்தாதா.

"அங்கதான் இடம் இருந்துச்சு," என்றார் ஸ்தமாத்தியா, ஊஸோவை ஊற்றிக்கொண்டே.

ஏவால்ட் பட்டியலைப் புரட்டினார். கடைசிப் பக்கம் முழுக்கக் காலியாக இருந்தது.