ஒரு ஆட்டுக்கு ஒரு சுவரொட்டி

செங்கல்பட்டில் அந்தக் கறிக்கடைக்காரருக்கு ஒரு பழக்கம். குழந்தைக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று ஆட்டு மண்ணீரலான சுவரொட்டியைக் கேட்டு வந்தால், கட்டைவிரலை லுங்கியில் துடைத்துவிட்டு முதலில் குழந்தையின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார்.

அந்த ஞாயிறு ஒரே ஆடு, சுவரொட்டியும் ஒன்றுதான். எனக்கு முன்னால் இடுப்பில் பையனோடு ஒரு பெண் நின்றாள். அவன் இமையைப் பார்த்தார். பிறகு என் மகளுடையதைப் பார்த்துவிட்டு, சுவரொட்டியை என்னிடம் நீட்டினார்.

"நான்தானண்ணா மொதல்ல வந்தேன்!"

"உன் புள்ள கண்ணு சுண்ணாம்பாட்டம் கீது. அதுக்குக் குடுத்து இன்னா ஆவப் போவுது? சார் பொண்ணாவது தேறும்."

அவள் பையனின் முகத்தை முந்தானையால் மூடினாள். பாதியாக வெட்டித் தரச் சொல்லியிருக்கலாம். என் தோளில் மகள் துவண்டு கிடந்தாள், வாங்கிக்கொண்டேன்.

அவரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.