போர்டிங்கா, கீழ் வீட்டு மாமியா

மெட்ராஸ் சென்னையான புதிதில் அண்ணா தன் பெண்ணுக்கு நாக்பூரில் கல்யாணம் வைத்தான். “அத்தைகள் இல்லாம கல்யாணமா?” என்று போனில் கேட்டான். அத்தைகள் என்றால் நானும் அக்காவும். எங்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், முதல் மாடியில் குடியிருந்தோம். அக்காவுக்கு டெலிபோன் இலாகாவில் வேலை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் உத்தியோகம். வீட்டில் இன்னும் இரண்டு பேர் உண்டு. இரண்டும் பூனைகள்.

ஒரு மழைநாளில் மாடிப்படிக்கு அடியில், மோட்டார் பக்கத்தில் கிடைத்தவர்கள். தாய் என்ன ஆனாள் என்று தெரியாது. கறுப்பும் செம்பட்டையுமாகத் திட்டுத் திட்டாக இருப்பது பெண். கறுப்பு உடம்பும் வெள்ளைப் பாதமுமாக இருப்பது ஆண். பெயர் வைக்கவில்லை. அவளை “டீ” என்போம், அவனை “டா” என்போம். அதிலேயே வேலை முடிந்துவிடும். இரண்டும் ஒரே தட்டில் தயிர் சாதம் சாப்பிட்டு, ஒரே பிரம்பு நாற்காலியில் தூங்கும். எந்தக் கால் யாருடையது என்று சொல்ல முடியாது. தூங்குவதற்கு முன்னால் அவன் தலையை நீட்டுவான், அவள் நக்கிக் கொடுப்பாள். ஒருநாளும் தவறியதில்லை.

கல்யாணத்துக்குப் போனால் இவர்களை என்ன செய்வது? தி.நகரில் புடவை எடுக்கப் போன இடத்தில் ஆரம்பித்த சண்டை, பஸ்ஸில் தொடர்ந்து, வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. வீட்டிலேயே விட்டுவிட்டு, சாவியைக் கீழ் வீட்டு மாமியிடம் கொடுக்கலாம் என்றாள் அக்கா. பூனைக்குத் தன் வீடுதான் பெரிது, ஆள் யாராக இருந்தாலும் பரவாயில்லையாம். இத்தனைக்கும் அவை எந்நேரமும் சுற்றிச் சுற்றி வருவது இவள் காலைத்தான். நான் அடையாறு என்றேன். அவனுக்குக் காதில் புண், காலையும் மாலையும் சொட்டு மருந்து விடவேண்டும். மருந்து கொடுத்த அடையாறு டாக்டரே கிளினிக்குக்குப் பின்னால் நாலைந்து கூண்டு போட்டு, ஊருக்குப் போகிறவர்களின் பிராணிகளை வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார். அதற்குப் பெயர் போர்டிங். கீழ் வீட்டு மாமி இதைக் கேட்டுவிட்டு, “எந்த ஸ்கூல்ல சேக்கப் போறேள்?” என்றாள்.

இருவருமாகப் போய்ப் பார்த்தோம். பெயருக்குத்தான் பிராணிகள், இருந்ததெல்லாம் நாய்கள். ஒரு பொமரேனியன் எங்களைப் பார்த்த நிமிஷத்திலிருந்து மூச்சுவிடாமல் குரைத்தது. பார்த்துக்கொள்கிற ஆள் சிரித்துக்கொண்டே, “பூனையா? வுட்டுட்டுப் போம்மா. நம்மகிட்ட கொரங்கே இருந்துகினு போயிருக்குது” என்றான். ஆட்டோவில் ஏறியதும் அக்கா, “ஒரு ராத்திரி நீ இருந்துடு பாக்கலாம் அங்க” என்றாள்.

சரி, மாமியாவது தேவலையா? மாமிக்குப் பூனையைத் தொட பயம். கதவை இத்தனூண்டு திறந்து தட்டை உள்ளே தள்ளிவிடுவாளாம். காதுக்கு மருந்து? “ஐயையோ, அதெல்லாம் என்னால ஆகாதுடீம்மா.” அதோடு ஒரு நிபந்தனை. “காத்தால எங்காத்து மாமா ஆபீஸுக்குக் கிளம்பற நேரத்துல மட்டும் அது குறுக்க வராம இருந்தா போறும்.” பூட்டிய வீட்டுக்குள் இருக்கிற பூனை மாமாவுக்குக் குறுக்கே எப்படிப் போகும் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. மேற்கு மாம்பலத்திலிருந்து என்னோடு வேலை பார்க்கிற ஒருத்தி, தினமும் வந்து மருந்து போடுகிறேன் என்றாள். அவள் மாமியார் காதுக்கு விஷயம் போனதும் அதுவும் நின்றது.

நானும் அக்காவும் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டோம். எல்லாம் பூனை மூலமாகத்தான். “டீ, உங்க பெரியம்மாகிட்ட சொல்லு, வேணும்னா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடலாம்னு.” “டா, உங்க சித்திகிட்ட சொல்லு, அண்ணா மூஞ்சில அவளே முழிக்கட்டும்னு.” இரண்டும் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்க்கும்.

கடைசியில் ஒரு முடிவு வந்தது. யார் வாயிலிருந்து வந்தது என்று நினைவில்லை. புண் இருக்கிறவன் டாக்டரிடம், நன்றாக இருக்கிறவள் வீட்டில். கேட்டவர்கள் எல்லோரும் சரியான யோசனை என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. என் வகுப்பில் யாராவது கணக்கை இவ்வளவு சுத்தமாகப் போட்டிருந்தால் முழு மார்க் கொடுத்திருப்பேன்.

மூடி போட்ட பிரம்புக் கூடையில் அவனை வைத்துக் கயிற்றால் கட்டினேன். அவள் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆட்டோ லஸ் முனையைத் தாண்டியதிலிருந்து அடையாறு வரைக்கும் ஒரே கத்தல். டிரைவர் திரும்பிப் பார்த்து, “இன்னாம்மா, கொயந்தையா?” என்றார். பூனை என்றேன். “அதான பாத்தேன்” என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக ஓட்டினார்.

நாக்பூரில் கல்யாண மண்டபத்துக்கு எதிரிலேயே எஸ்.டி.டி. பூத். மாமி போனை எடுத்ததும், “எல்லாம் சௌக்கியம், சமத்தா இருக்கு” என்பாள். பார்த்தீர்களா என்றால், “நான் பாக்கலை. தட்டு காலியாயிருக்கே.” காலி பண்ணினது யார் என்றால், “அதை நான் எப்படிம்மா பாக்கறது?” அடையாறில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு தடவை அந்த ஆள் எடுத்து, “நல்லா கீதும்மா” என்றான். அவன் குரலுக்குப் பின்னால் நாய்கள் குரைத்தன. அதற்கும் பின்னால் ஒரு சின்னக் குரல் கேட்கிறதா என்று நான் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். அவன் வைத்துவிட்டான்.

திருமாங்கல்யதாரணம் ஆகும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பெண்ணைப் பிரிகிற அழுகை என்று நினைத்து சம்பந்தி மாமிகள் தட்டிக்கொடுத்தார்கள். அக்கா மட்டும் என்னைப் பார்க்காமல் அட்சதையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சென்ட்ரலில் இறங்கியதும் அவள் பெட்டிகளோடு வீட்டுக்குப் போனாள், நான் நேராக அடையாறு போனேன். அவன் இளைத்திருந்தான். ஆனால் காது சுத்தமாக ஆறியிருந்தது, புண் இருந்த அடையாளமே இல்லை. நான் சொன்னதுதான் சரி என்று அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். கூடையிலிருந்து பினாயில் நெடியும் நாய் நெடியும் கருவாட்டு வாசனையும் வந்தன. இந்தத் தடவை அவன் கத்தவில்லை.

நான் மாடி ஏறியபோது அவள் அக்காவின் காலைச் சுற்றி உரசிக்கொண்டிருந்தாள். ஆக, தட்டைக் காலி பண்ணினது அவள்தான். கூடையைக் கீழே வைத்துக் கயிற்றை அவிழ்த்தேன். அவன் வெளியே வந்தான், ஒருதரம் வீட்டைப் பார்த்தான், வாலைத் தூக்கிக்கொண்டு நேராக அவளிடம் போனான். தலையை நீட்டினான்.

அவள் பின்வாங்கினாள். உடம்பு முழுக்க மயிர் சிலிர்த்துக்கொண்டது. அவள் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எங்களுக்குத் தெரியாது. ஓங்கி ஓர் அறை விட்டாள், ஆறிப்போன அந்தக் காதிலேயே.

“டீ! கூடப் பொறந்தவன்டீ அவன்!” என்று அக்கா கத்தினாள்.

அவன் திருப்பி அடிக்கவில்லை. பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

டாக்டருக்குப் போன் பண்ணினோம். வேறு வாசனை ஏறியிருக்கிறது, அதனால் அடையாளம் தெரியவில்லை, வாசனை போனால் சரியாகிவிடும் என்றார். குளிப்பாட்டினோம். கையெல்லாம் கீறல். ஒரே பழைய துண்டால் இரண்டையும் மாற்றி மாற்றித் துடைத்தோம். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று வைத்துப் பார்த்தோம். வாசனை போயிற்று. அவன் கழுத்தில் மூக்கை வைத்து நானே முகர்ந்து பார்த்தேன், எங்கள் வீட்டு வாசனைதான். அவளுக்கு அது போதவில்லை. எக்ஸ் என்றாலே அழுகிற பிள்ளைகளுக்கு அல்ஜீப்ராவைப் புரியவைத்தவள் நான். இவன் அவன்தான் என்று ஒரு பூனைக்குச் சொல்ல என்னிடம் ஒரு வழியும் இல்லை. ஆத்திரம் ஆத்திரமாக வரும், யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியாது.

சாயங்காலமானால் அவன் பிரம்பு நாற்காலி வரைக்கும் வருவான். அவள் காதை மடக்கிக்கொண்டு உறுமுவாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பீரோவுக்கே போய்விடுவான். மாதக்கணக்கில் இதேதான். ஒருநாள் அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் இன்னமும் நாற்காலியில் தன் பாதியில்தான் படுத்திருந்தாள். மற்ற பாதி காலியாக இருந்தது.

“இடம் போட்டு வெச்சிண்டிருக்காடீ” என்றாள் அக்கா. “அவன் வருவான்னு.”

அவன் பீரோவுக்கு அடியிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் நானும் அக்காவும் சேர்ந்து ஊருக்குப் போகவே இல்லை. ஒருத்தி போனால் ஒருத்தி வீட்டில். அண்ணா பெண்ணின் சீமந்தத்துக்கு அக்கா மட்டும் நாக்பூர் போனாள். திரும்பி வந்த அன்று நான் கதவைத் திறந்தேன். அவள் உள்ளே வரவில்லை. பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் வாசற்படியிலேயே குனிந்து, மற்ற கையை நீட்டினாள். நாற்காலியிலிருந்து இறங்கி வந்த பூனை அந்தக் கையை மோந்து பார்த்தது, விரல் விரலாக, வெகுநேரம்.

“என்னைத் தெரியறதாடீ?” என்று கேட்டாள் அக்கா.