சரவெடி கொளுத்திய மத்தியானம்

கன்னிவாடிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் ஒரு தாய்க்குரங்கு கரண்டு கம்பியைத் தொட்டுச் செத்து விழுந்தது. அதன் மார்பைப் பற்றியிருந்த பொட்டைக்குட்டிக்கு மட்டும் உயிர் இருந்தது.

எங்கள் ஊரில் குரங்கு செத்தால் வீட்டு ஆள் போன மாதிரிதான். மஞ்சள் துணி, மாலை, பால் ஊற்றுவது என்று ஒரு குறையும் வைக்க மாட்டோம். அன்று அதற்கு இடைஞ்சலாக இருந்தது குரங்குக் கூட்டம் ஒன்றுதான். சடலத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. அதில் ஒரு பெண் குரங்கு குட்டியின் முதுகில் கைவைத்துத் தன் பக்கம் இழுத்தது.

“கடிச்சு வச்சிரும், வெரட்டுங்க” என்று கத்தியது நான்தான். வீட்டுக்காரர் தீபாவளிக்கு வாங்கி மிச்சமிருந்த சரவெடியைக் கொளுத்திப் போட்டார். கூட்டம் மலைப்பக்கம் ஓடியது. நாங்கள் நிம்மதியாகச் சடங்கை முடித்தோம்.

குட்டியை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தேன். எனக்குப் பிள்ளை இல்லை. சாமி கொடுத்தது என்று நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பால்புட்டியில் குடிக்கும், தலையணையைக் கட்டிப்பிடித்துத் தூங்கும். நான் கொல்லைக்குப் போனால்கூடக் கத்தித் தீர்க்கும். அதைப் பாசம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து வனத்துறை ஆட்கள் வந்து, காட்டு விலங்கை வீட்டில் வளர்க்கலாமா என்று திட்டினார்கள். அடிவாரத்தில் கூட்டத்தோடு விட்டுப் பார்ப்போம் என்றார்கள். கூட்டம் சேர்த்துக்கொள்ள வேண்டுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கூண்டைத் திறந்தார்கள். கூட்டத்தின் பெரிய ஆண்குரங்கு, கடுவன், முறைத்தபோது மற்றவை முகத்தைத் திருப்பிக்கொண்டன. என் குட்டி நேராகப் பார்த்தது. பேன் பார்க்கச் சொல்லி ஒரு குரங்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. அதற்கும் என் குட்டி மிரண்டு, தன்னைத்தானே கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடியது. மறுநாளே கடித்துக் குதறிவிட்டார்கள், அதன் சொந்தக்காரர்கள்.

கால்நடை டாக்டரம்மா தையல் போட்டபடியே எனக்குப் புரிய வைத்தார். தாயும் கூட்டமும் இல்லாமல் வளர்ந்தால், பயத்தில் சுரக்கிற ஹார்மோன் லேசில் அடங்காதாம். யாருக்குப் பணிவது, யாரை நம்புவது என்பதைக் குட்டியாக இருக்கும்போதே கூட்டத்தில்தான் படிக்குமாம்.

“நான் ஒரு கொறையும் வைக்கலியே டாக்டர்” என்றேன்.

“நீங்க நல்லாத்தான் பாத்தீங்க அக்கா. ஆனா தாய் செத்துட்டா வேற பொட்டைக் கொரங்கு சில சமயம் எடுத்து வளத்துக்கிரும். அன்னைக்கு எதுவும் கிட்ட வரலியா?”

“வரல” என்றேன்.

நாலாம் நாள் குட்டி என் மடியிலேயே செத்தது. ஊரார் மாலையும் மஞ்சள் துணியுமாக வந்தார்கள். கொஞ்ச நேரம் பொறுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். தோப்பில் அதைக் கிடத்தி, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பொழுது சாயும்வரை மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குரங்கும் வரவில்லை.